கதவைத் தட்டிய பேய்

கடம்பங்கரையைப் பேய்ப்பட்டினம் என்பார்கள். உச்சிவெயிலில் பேய் வந்து கதவைத் தட்டித் தண்ணீர் கேட்குமாம். அந்த ஊருக்குப் பெண் கொடுக்கவே அக்கம்பக்கத்தார் யோசிப்பார்கள்.

அந்தத் துறைமுக ஊரில் காலரா அடிக்கடி வந்துபோன காலம். வாந்திபேதியில் போனவரை வாசல் வழியாகத் தூக்கமாட்டார்கள். பின்சுவரை இடித்து, அந்த ஓட்டை வழியே வெளியேற்றி, உடனே அடைத்துப் பூசிவிடுவார்கள். செத்தவருக்குப் போன வழிதான் தெரியும், திரும்பி வந்தாலும் பூசிய சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று நம்பிக்கை.

மருதப்பன் மனைவி சொர்ணமும் சுவர் வழியாகத்தான் போனாள். அவனிடம் கைக்குழந்தை மட்டும் மிஞ்சியது. இடுகாட்டுக் குழி நிரம்பிவிட்டதால், புதுக்குழி வெட்டும்வரை அவளை மரத்தடியில் கிடத்தியிருந்தார்கள்.

மறுநாள் உச்சிப்பொழுதில் அவன் வாசற்கதவு தட்டப்பட்டது. மருதப்பன் ஜன்னலைத் திறந்து பார்த்தான். மண் அப்பிய சேலையோடு சொர்ணம் நின்றாள்.

"நான் சாகலைங்க. ஒரு வாய் தண்ணி குடுங்க."

பானை அவன் கைக்கெட்டும் இடத்தில்தான் இருந்தது. தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவன் தாழ்ப்பாளை இறுக்கிப் போட்டான். தெருவுக்கே கேட்கும்படி, "பேய்! பேய்!" என்று கத்தினான்.

பக்கத்து வீட்டில் அவன் அக்கா பிச்சம்மாள். பேய் என்றதும் அவள் அப்படியே நம்பிவிட்டாள். ஆனாலும், "செத்தும் தாகம் அடங்கலியே பாவிக்கு" என்று அழுதுகொண்டே ஒரு செம்புத் தண்ணீரைத் தெருவில் வைத்துவிட்டு, திரும்பிப் பாராமல் உள்ளே ஓடினாள்.

குழந்தைக்காகக் கதவடைத்தவன் ஒருவன். பேய்க்குத் தண்ணீர் வைத்தவள் ஒருத்தி. கேட்கிறவர்களே, இவர்களில் யார் செய்தது சரி?

விடை இது. பிச்சம்மாள் செய்ததே சரி. அவள் பேய் என்று நம்பியும் இரங்கினாள். மருதப்பன் அப்படி நம்பவே இல்லை. பேயானால் பின்சுவரைத்தானே தட்டியிருக்கும்? வந்தவள் உயிரோடிருப்பவள் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளைக்கு நோய் தொற்றுமோ என்று பயந்து கதவடைத்ததை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஜன்னல் திறந்துதான் இருந்தது. தண்ணீர் கொடுத்தால் உயிரோடிருக்கிறாள் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும், உள்ளே சேர்க்க வேண்டிவரும். அதனால் கட்டியவளைப் பேயாக்கினான். சொர்ணம் அந்தச் செம்புத் தண்ணீரைக் குடித்துப் பிழைத்தாள். அந்தத் தெருவுக்கு அவள் மறுபடி வரவில்லை.

கடம்பங்கரைப் பேய்க்கதைகள் எத்தனையோ கேட்டிருக்கிறேன். எல்லாப் பேயும் தண்ணீர் கேட்டுக் கதவைத்தான் தட்டியிருக்கிறது. ஒன்றுகூடச் சுவரைத் தட்டியதாகக் கதை இல்லை.