யாரும் பேசாத அலைவரிசை

"ஆறாவது அலைவரிசை கெட்டுப்போய்க் கெடக்கு, டீச்சர். நிறுத்திரச் சொல்லி இன்ஜினியர்கிட்ட சொல்லிட்டேன்," என்றார் அருணகிரி.

ஜெசிந்தா காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினாள்.

"எப்ப நிறுத்துதாரு?"

"சாயங்கால ஷிப்டு ஆரம்பிக்கிறப்ப."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். தன் போனை எடுத்து மேசையில் இருவருக்கும் நடுவில் வைத்தாள்.

அருணகிரி கப்பல்களில் ரேடியோ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் காலத்தில் ஓர் அலைவரிசை என்றால் ஓர் உரையாடல். கேள்வி வந்த இடத்திலேயே பதிலும் வரும். டிஜிட்டல் ரேடியோ வந்த பிறகு அவர் காதுக்கு எல்லாமே வெறும் இரைச்சலாகிவிட்டது. கற்றுக்கொள்வதற்காக, தன்னைவிட மிகவும் இளையவளான ஜெசிந்தாவிடம் வந்தார். வந்த அன்றே டீச்சர் என்று கூப்பிட்டார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

அந்த வாரம் துறைமுகம் அவர்களிடம் ஒரு வேலை கொடுத்திருந்தது. கிரேன்காரர்களும் சரக்கு இறக்குகிறவர்களும் வாக்கி-டாக்கியில் பேச அங்கே ஆறு அலைவரிசைகள். அமைத்துக் கொடுத்த கம்பெனி இப்போது இல்லை. ஆறும் தனித்தனியா, இல்லை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ளும் ஒரே டிரங்க் அமைப்பா என்பது புதிதாக வந்த இன்ஜினியர் சுகுமாரனுக்குத் தெரியவில்லை; கேட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டியது இவர்கள் வேலை. தனித்தனி என்றால் ஒவ்வொன்றாக நிறுத்திப் பழுது பார்க்கலாம்.

"தனித்தனிதான்," என்றார் அருணகிரி. "மத்த அஞ்சுலயும் ஆளுங்க பேசுதாங்க. ஆறாவது மட்டும் ஓயாம இரையுது. ஒரு மனுசக் குரல் அதுல வரல."

"அந்த அஞ்சுலயும் என்ன பேசுதாங்க?"

"ரெண்டாவதுல லிங்கம்னு ஒரு கிரேன்காரர். தூக்கட்டுமா, தூக்கட்டுமான்னு கேக்காரு. யாரும் பதில் சொல்லல."

"அவங்க சொல்லலையா, நீங்க கேக்கலையா?"

அருணகிரி ஒரே ரிசீவரில், ஒரு நேரத்தில் ஓர் அலைவரிசையைத்தான் கேட்டிருந்தார்.

ஜெசிந்தா எழுந்து போய் அலமாரியிலிருந்த ரிசீவர்களை எல்லாம் எடுத்து வந்தாள். அலைவரிசைக்கு ஒன்றாக மேசையில் வைத்தாள். டிஜிட்டல் இரைச்சலைக் குரலாக மாற்றும் கம்ப்யூட்டரோடு அவற்றை இணைத்தாள்.

"அலைவரிசையைக் கேக்காதீங்க, அண்ணாச்சி. லிங்கத்தோட குரலைக் கேளுங்க."

அவர் உட்கார்ந்தார்.

இரண்டாவதில் லிங்கத்தின் குரல். "தூக்கட்டுமா?"

நான்காவதில் வேறொரு குரல். "பொறு. கப்பலுக்குள்ள ஆளுங்க நிக்காங்க."

முதலாவதில் மறுபடி லிங்கம். "சரி, பொறுத்துட்டேன்."

அருணகிரி நிமிர்ந்தார்.

"ஒரே பேச்சு. எடம் மாறி மாறி வருது."

ஜெசிந்தா தலையசைத்தாள்.

"ஆனா எங்க போகணும்னு ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல எப்படித் தெரியுது? யாரு சொல்லுதா?"

ஜெசிந்தா கையை நீட்டி முதல் ஐந்து ரிசீவர்களையும் வரிசையாக அணைத்தாள்.

அறையில் ஆறாவதின் இரைச்சல் மட்டும் மிஞ்சியது.

கம்ப்யூட்டர் திரையில் அந்த இரைச்சல் எண்களாக ஓடியது. குப்பை என்று அவர் ஒதுக்கி வைத்திருந்த எண்கள். இப்போது வேறு எதுவும் இல்லாததால் அவற்றையே பார்த்தார்.

ஒரு வரியின் கடைசியில் மூன்று என்று வந்தது. அவர் மூன்றாவது ரிசீவரைப் போட்டார். லிங்கம் பேசிக்கொண்டிருந்தார்.

அடுத்து ஐந்து. ஐந்தாவதைப் போட்டார். லிங்கத்துக்குப் பதில் வந்துகொண்டிருந்தது.

இரண்டையும் அவரே அணைத்தார்.

அந்தரத்தில் தொங்கும் சரக்கும், அதன் கீழே கப்பலுக்குள் நிற்கும் ஆட்களும் அவர் கண்ணுக்குள் வந்தார்கள். போனை எடுத்தார். இன்ஜினியரைக் கூப்பிட்டார்.

"சுகுமாரன் சார், ஆறாவதைத் தொடாதீங்க."

"சுவிட்ச் பக்கத்துலதான் நிக்கேன். காலையில நீங்கதானே கெட்டுப்போச்சுன்னு சொன்னீங்க?"

"தப்பாச் சொன்னேன். ஆறும் ஒரே அமைப்பு. யாரு எதுல பேசணும்னு ஆறாவதுதான் சொல்லுது. அதை நிறுத்தினா மொத்தத் துறைமுகமும் ஊமையாயிரும்."

"எப்படி நம்புறது?"

"உங்க முன்னால டிரான்ஸ்மிட்டர் எல்லாம் இருக்குல்ல? ஆள் பேசினா வெளக்கு எரியும். நான் ஆறாவதை மட்டும் பாத்துச் சொல்லுதேன். நீங்க வெளக்கைப் பாருங்க."

திரையில் கண்ணை வைத்தார்.

"ஒண்ணு."

"எரியுது."

"நாலு."

"எரியுது."

"ரெண்டு. அதோட அஞ்சும்."

மறுமுனையில் சுகுமாரன் பெருமூச்சு விடுவது கேட்டது.

"ரெண்டும் எரியுது. சுவிட்சை விட்டுத் தள்ளி வந்துட்டேன், சார்."

அருணகிரி நாற்காலியில் சாய்ந்தார். நடுக்கடலில் முதன்முதலாக ஒரு மோர்ஸ் செய்தியைத் தனியாகப் பிடித்த அன்று இப்படித்தான் நெஞ்சு அடித்துக்கொண்டது. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சிரித்தார்.

"ஒண்ணு மட்டும் புரியல," என்றார் சுகுமாரன். "எல்லாரையும் பேச வைக்குது. அதுல மட்டும் ஏன் யாரும் பேசல?"

அருணகிரி ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிவிட்டாள்.

"அதுல ஒருத்தர் பேசினா," என்றார் அருணகிரி, "மத்தவங்களுக்கு யாரு சார் வழி சொல்லுவா?"