குடத்தைச் சாய்த்தவனுக்கு

செய்தது யார் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன். படிக்கிறபோது உனக்கே உறைக்கும்.

கடலோரத்தில் ரெஜினா மீன் ஏற்றும் மின்சார வேன் ஒன்று இருந்தது. அதன் பேட்டரிக்கு அடியில் ஓர் அலுமினியத் தகடு. அதோடு சேர்ந்து ஒரு செம்புக் குழாய். இரண்டுக்கும் ஆகாது. ஆனாலும் பேட்டரியைக் குளிர வைக்க நடுவில் ஓடிய பச்சைத் திரவம், கூலன்ட், இரண்டின் மேலும் மெல்லிய போர்வை போர்த்தி, சண்டை வராமல் பார்த்துக்கொண்டது.

ஒரு நாள் கூலன்ட் குறைந்தது. புதுத் தண்ணீர் உள்ளே வந்தது. கொஞ்ச நாளில் போர்வை கிழிந்தது. தகட்டுக்கு உடம்பெல்லாம் அரிப்பு.

"ஏய் செம்பு! என் சதையைத் தின்கிறது நீதானே?"

"உன் பக்கம் நான் வந்ததே இல்லையே!"

"வரலையா? அப்போ என் மேல இருக்கிற இந்தச் செம்புப் பொட்டு யாரோடது? பொட்டு ஒட்டின இடத்திலதான் குழி விழுது."

செம்பு உற்றுப் பார்த்தது. பொட்டு தன்னுடையதுதான். அதற்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என் உடம்பும்தான் குறையுது. நான் இருந்த இடத்தை விட்டு நகரல. அப்போ தூக்கிட்டு வந்தது யாரு?"

இரண்டும் தண்ணீரை முறைத்தன.

"என்னை ஏன் முறைக்கிறீங்க?" என்று சீறியது தண்ணீர். "நான் உப்பு ஊறின போர்வெல் தண்ணி. தொட்டதைக் கரைப்பேன், கரைச்சதைச் சுமப்பேன். நானாவா மூடியைத் திறந்துக்கிட்டு உள்ள வந்தேன்?"

மேலே இருந்த மூடி தயங்கித் தயங்கிச் சொன்னது.

"நான் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். 'இதுக்குத் தனிக் கூலன்ட் ஊத்தணும்னாங்களே அண்ணே'ன்னு ரெஜினா கேட்டா. 'இருபது வருசம் டீசல் வண்டி ரிப்பேர் பார்த்தவன் நான், தாயி. குளிர வைக்க எந்தத் தண்ணியா இருந்தா என்ன?'ன்னு அவன் குடத்தைச் சாய்ச்சான்."

தகடு அதற்கப்புறம் செம்போடு சண்டை போடவில்லை. அதன் உடம்பில் ஓரிடத்தில் நகக்கனம்தான் மிச்சம். அதுவும் போனால் தண்ணீர் பேட்டரிக்குள் இறங்கும். ரெஜினாவின் பிழைப்பு ஐஸ் உருக உருக நடுரோட்டில் நிற்கும்.

குடத்தைச் சாய்த்தவனே, நாளைக்குப் பார்க்கலாம் என்று இழுக்காதே. அந்தத் தண்ணீரை வடி. கடையில் விற்கும் உப்பில்லாத பேட்டரித் தண்ணீரை ஊற்றி நன்றாக அலசு. தகட்டைக் கழற்றிப் பார். குழி ஆழமென்றால் உன் செலவில் புதுசு மாட்டு. அந்த வண்டிக்கென்று உள்ள கூலன்ட்டை ஊற்று. அப்புறம் ரெஜினாவின் முகத்தைப் பார்த்து, "எனக்குத் தெரியலை, தாயி" என்று சொல். இந்த இருபது வருசத்தில் ஒரு தடவையாவது சொல்.