உடும்பின் சனிக்கிழமை

அய்யனார் தோப்பில், கள்ளிப் புதரடியில் ஒரு கௌதாரி அடைகாத்துக்கொண்டிருந்தது. எதையும் லேசில் நம்பாத கௌதாரி. சருகு புரண்டாலும், "யாரது?" என்று கேட்கும். தரையில் கூடு கட்டுகிறவர்களுக்கு அந்தப் புத்தி வேண்டியதுதான்!

ஒருநாள் கோடை இடி தோப்பு வாசல் பனைமரத்தில் விழுந்தது. பக்கத்தில் படுத்திருந்த நரி நடுநடுங்கி எழுந்தது.

"சாமி என்னை ஆட்கொண்டுட்டார்! ஒரே நொடியில என் பாவமெல்லாம் பொசுங்கிப்போச்சு!" என்று கூத்தாடியது. பனைச் சாம்பலை அள்ளி நெற்றி நிறையப் பூசிக்கொண்டது. மயிலும் முயலும் அதை "நரிச்சாமி" என்று கும்பிட ஆரம்பித்தன. கௌதாரி மட்டும் கும்பிடவில்லை. 'நேற்றுவரை முயலைத் துரத்தினவன்தானே இவன்!' என்று நினைத்துக்கொண்டது.

அதே தோப்பில் ஓர் உடும்பும் இருந்தது. அதற்கும் பக்திதான். ஆனால் நத்தை வேகத்தில் வந்த பக்தி! முதலில், ஊரோடு ஒத்துப்போக, வெள்ளிக்கிழமை மட்டும் முட்டை தொடுவதில்லை என்று விரதம் எடுத்தது. பிறகு ஒருநாள் முட்டைக்குள்ளிருந்து குஞ்சு கொத்தும் சத்தம் கேட்டது. "அடடா, உள்ளே ஆள் இருக்கே!" என்று செவ்வாயையும் விட்டது. இப்படி யோசித்து யோசித்து ஒவ்வொரு கிழமையாக விட்டதில், சனிக்கிழமை மட்டும் பாக்கி நின்றது.

"அது என்ன கணக்கு, அண்ணே?" என்று கௌதாரி கேலி செய்யும்.

"அன்னிக்கு மட்டும் நாக்கு சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது, தாயி!" என்று உடும்பு தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும்.

வெயில் ஏறியது. தோப்புக் குளம் வறண்டது. தண்ணீருக்குத் தூரத்துக் குட்டைக்குத்தான் போகவேண்டும். போகாவிட்டால் கௌதாரி சாகும். கூட்டைத் தனியே விட்டுப்போனால் காக்கை முட்டைகளைக் கொத்தும். பாவம், அது என்ன செய்யும்? அன்று பார்த்து சனிக்கிழமை வேறு!

'ஆசை இருக்குன்னு தன் வாயாலேயே சொல்றவன்கிட்ட எப்படி விடுறது?' என்று உடும்பை ஒதுக்கிவிட்டு, அரைமனதோடு நரியிடம் போனது.

"முட்டையா, மகளே?" நரி சிரித்தது. "எனக்கு முட்டையும் கூழாங்கல்லும் ஒண்ணு! ஆசைங்கற பேச்சுக்கே இடமில்ல. நிம்மதியா போயிட்டு வா!" சொல்லிவிட்டு எச்சிலை விழுங்கியது.

கௌதாரி பறந்தது. குட்டையில் அலகை வைத்த பிறகுதான் அதற்குச் சுருக்கென்றது. 'கூழாங்கல்லைப் பார்த்து எவனாவது எச்சில் விழுங்குவானா?' ஒரே மிடறு குடித்துவிட்டுத் திரும்பிப் பறந்தது.

அங்கே நரி கூட்டின் முன் கண்ணை மூடி நின்றது. "சாமி! நீயே என்கிட்ட கொண்டுவந்து சேர்த்தே. பிரசாதத்தை வேண்டாம்னா பாவமாச்சே!" என்று வாயைத் திறந்தது.

சட்டென்று புதரிலிருந்து உடும்பு பாய்ந்து வந்து கூட்டை மறைத்துக்கொண்டு மண்ணைப் பற்றியது. நரி அதன் வாலைக் கவ்வி இழுத்தது. ரத்தம் வந்தது. உடும்புப் பிடியாச்சே, அசையுமா?

நரி வாலை விட்டுவிட்டுக் குழைந்தது. "அட, உனக்கும் பாதி தர்றேன்! இன்னிக்கு உனக்குச் சனிக்கிழமைதானே?"

உடும்பின் வாயில் எச்சில் ஒழுகியது. "ஆசையாத்தான் இருக்கு! ஆனா, உள்ளே குஞ்சு இருக்கே!"

கௌதாரி பாய்ந்து நரியின் கண்ணைப் பார்த்துக் கொத்தியது. "ஐயோ! உங்களைச் சோதிச்சுத்தான் பார்த்தேன்!" என்று ஊளையிட்டுக்கொண்டே நரி ஓடியது.

கௌதாரி வெட்கத்தோடு உடும்பின் வால் காயத்தைப் பார்த்தது. "போயும் போயும் உன்னைச் சந்தேகப்பட்டேனே, அண்ணே!"

"சந்தேகப்பட்டதுல தப்பே இல்ல, தாயி," என்றது உடும்பு. "முதல்ல நீ வந்து உக்காரு. இன்னும் கொஞ்ச நேரம் போனா எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல!"

ஆசையெல்லாம் ஒரே நொடியில் ஒழிந்தது என்று பறைசாற்றுகிறவரை நம்பாதே. இன்னும் மிச்சம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு, புரிந்த அளவுக்கு அதை அடக்கி நிற்கிறவரின் பக்தியே மெய்யானது.