பேரில்லாத ஏரியில் மணியண்ணை பிடித்த வாளை

மாசிலாமணி அண்ணை பொய் சொல்ல மாட்டார். உண்மை அவருக்குப் போதாது, அவ்வளவுதான்.

கனடாவில், ஸ்காபரோவில், எங்கள் தெருவில் அவரை மணியண்ணை என்போம். ஊர் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம். இங்கே கதவு செய்கிற தொழிற்சாலையில் வேலை. போன வருசமும் அதற்கு முந்தின வருசமும் மீன் பிடிக்கப் போய், இரண்டு தரமும் தடிமனோடும் காய்ச்சலோடும் திரும்பி வந்தவர். இந்த வருசம் புறப்படும்போது அவர் மனைவி திலகா அக்கா வாசலில் நின்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த முறையும் வெறுங்கையோடு வந்தால் இனி ஏரியும் இல்லை, வள்ளமும் இல்லை, கோடை லீவுக்கு மொன்றியலில் தங்கை வீட்டுக்குத்தான் போவது. அந்தத் தங்கையின் புருசனை மணியண்ணைக்குக் கண்ணில் காட்டக் கூடாது. அந்த மனுசனும் புளுகுகிறவர், ஒரு வீட்டில் இரண்டு பேர் எப்படிப் புளுகுவது?

ஆகவே மீன் தன் பொறுப்பு என்று சத்தியம் பண்ணிவிட்டு வெள்ளிக்கிழமை தனியே போனார். அக்கா அதை நம்பி ஞாயிறு மத்தியானம் எங்களை ஒடியல் கூழுக்கு அழைத்துவிட்டார். காய்ந்த பனங்கிழங்கில் இடித்து ஊரிலிருந்து வந்த கடைசிப் பை ஒடியல் மாவைக் கசப்புப் போக ஊறப் போட்டாயிற்று. ஊறிய மாவை நாளைக்கு என்று வைக்க முடியாது. கராஜ் வாசலில் காஸ் அடுப்பில் பெரிய பானை. பலாக்கொட்டை, பயிற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் வெந்துகொண்டிருந்தன. மீன் ஒன்றுதான் குறை. மீன் போடாத கூழ் நோட்டீஸ் ஒட்டத்தான் உதவும். நான் காலையில் ஒரு தேத்தண்ணி மட்டும் குடித்துவிட்டு, வயிற்றைக் காயப் போட்டுக்கொண்டு வந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு வான் வண்டி வந்து நின்றது. மணியண்ணை ஐஸ்பெட்டியை இறக்கிக் கராஜ் வாசலில் வைத்தார். திறக்கவில்லை. அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"மீன் எங்கை?" என்றார் திலகா அக்கா.

"மீன் கிடக்கட்டும். முதல் கதையைக் கேளும்."

என் பக்கத்தில் இருந்த எட்மண்ட் அண்ணர் பெருமூச்சு விட்டார். அவர் குருநகர்க்காரர், கடலில் வளர்ந்தவர். இங்கேயும் முப்பது வருசம் மீன் வெட்டுகிற தொழிற்சாலையில் நின்று பென்சன் எடுத்தவர். மணியண்ணையைவிடப் பத்து வயது மூப்பு. ஒரு நாளைக்கு இருபது சொல்லுக்கு மேல் செலவழிக்க மாட்டார். நானோ உரும்பிராய். எனக்குக் கடலும் குளமும் ஒன்றுதான், மீன் சட்டிக்குள் வந்த பிறகுதான் பழக்கம்.

"பதினொரு மணித்தியால ஓட்டம்," என்று தொடங்கினார் மணியண்ணை. "கடைசிக் கோப்பிக்கடை, கடைசிப் பெற்றோல், கடைசி மனுசன், எல்லாம் தாண்டியாச்சு. ஜிபிஎஸ்ஸிலை கதைக்கிற பெட்டை இருக்கிறாளெல்லே, அவள் 'அண்ணை, இதுக்கு மேலை எனக்குப் பயமாக் கிடக்கு' எண்டு சொல்லிப்போட்டு நிண்டிட்டாள்."

"தமிழிலையோ?" என்று கேட்டேன்.

"பயம் வந்தால் தாய்மொழிதானே வரும். அவள் தமிழ்ப் பிள்ளை எண்டு அண்டைக்குத்தான் எனக்கும் தெரிஞ்சது."

கூட வேலை செய்யும் பிரையன் என்பவன் கோப்பிக்கடைக் கடதாசியில் வழி கீறிக் கொடுத்திருந்தானாம். அதில் ஏரிக்குப் பேர் இல்லை. ஒரு புள்ளி மட்டும். அது ஏரியா, பிரையன் சிந்தின கோப்பியா என்பது போய்ச் சேரும் வரைக்கும் நிச்சயமில்லையாம்.

"சின்ன ஏரி. வள்ளத்தை இறக்கினன். முன்பக்கம் அக்கரையிலை முட்டுது, பின்பக்கம் இன்னும் இக்கரையிலை கிடக்கு."

"அப்ப துடுப்பு என்னத்துக்குக் கொண்டு போனீங்கள்?" அக்கா பானையைத் துழாவியபடி கேட்டார்.

"நுளம்பு அடிக்க. ஆனா அடிக்கவே மனம் வரேல்லை, அவ்வளவு மரியாதையான நுளம்புகள். நாலு நுளம்பு வந்து கூடாரத்தின்ரை நாலு மூலையையும் பிடிச்சுத் தூக்கி, வெயில் படுற பக்கமாக் கொண்டுபோய் வைச்சுதுகள். ஒண்டு என்ரை கையைத் தடவி, நரம்பு பாத்து, பஞ்சாலை துடைச்சுப்போட்டுத்தான் குத்தினது. இரத்தம் எடுத்து முடிய ஒரு பிஸ்கற்றும் ஜூசும் தந்து, பத்து நிமிசம் இருந்திட்டு எழும்புங்கோ எண்டுது."

"என்ன ஜூஸ்?" என்றார் எட்மண்ட் அண்ணர்.

"அப்பிள்."

ஒரு கணமும் யோசிக்கவில்லை. மணியண்ணையிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். குறுக்குக் கேள்வி கேட்டால் மற்றவர்கள் தடுமாறுவார்கள், இவருக்கு அது இன்னொரு பிடி சோறு.

"சரி, மீன்," என்றேன். பானையிலிருந்து வாசம் வந்துகொண்டிருந்தது. எனக்குப் பசியில் காது அடைத்தது.

"அந்த ஏரியிலை இருக்கிறது ஒரேயொரு நல்ல மீன். வாளை."

"என்ன மீன்?" எட்மண்ட் அண்ணர் நிமிர்ந்தார்.

"வாளை, அண்ணை. எங்கடை வாளை. பிரையன் வாயாலை சொன்னவன், நான் காதாலை கேட்டனான். வாளை, வாளை எண்டு ஒரு நாளைக்குப் பத்துத் தரம் சொல்லுவான். நாக்குத்தான் கொஞ்சம் பிரளும். நான் அவனிட்டைச் சொன்னன், தம்பி, உது நாங்கள் உங்களுக்குத் தந்த சொல்லு, திருப்பித் தரத் தேவையில்லை, வடிவாச் சொன்னால் காணும் எண்டு."

எட்மண்ட் அண்ணர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என்ன நினைத்தாரோ, வாயை மூடிக்கொண்டு கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். அவர் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்த்தேன்.

"வெள்ளைக்காரர் புழுவைக் கொழுவுவினம். நான் இவவின்ரை கறித்தூளைப் பேணியோடை கொண்டு போனனான். ஒரு சிட்டிகை தண்ணியிலை போட்டதுதான் தாமதம், ஏரி முழுக்கத் தும்மல். மீன் எல்லாம் மேலை வந்திட்டுது. வந்து என்ன செய்துதுகள் எண்டு நினைக்கிறியள்? குடிவரவுக் கந்தோரிலை மாதிரி நம்பர் எடுத்துக்கொண்டு வரிசையிலை நிண்டுதுகள். எல்லாம் கண்டறியாத மீன். மஞ்சளும் பச்சையுமா ஒரு நிறம். கண் எண்டால் பளிங்குப் போளை மாதிரி, வெளிச்சம் பட்டால் பூனைக்கண் மாதிரி மினுங்குது. தூண்டிலைப் போட முதலே கவ்வுது. நான் கழட்டிக் கழட்டி எறிஞ்சன். வாளை பிடிக்க வந்தவனுக்கு உந்தக் கழிசறை மீன் என்னத்துக்கு? முன்னூறு எறிஞ்சிருப்பன்."

"முன்னூறு," என்றார் எட்மண்ட் அண்ணர், மிகவும் அமைதியாக.

"குறைச்சுச் சொல்லுறன். கை உளைஞ்சு போச்சு. அப்பத்தான் கரையிலை ஒரு கரடி வந்து நிண்டுது. கோயில் தேர் அளவு. வேறை ஆளெண்டால் ஓடியிருப்பான். நான் 'சும்மா நிண்டு விடுப்புப் பாராமல் வலையைப் பிடி' எண்டு குடுத்தன். பிடிச்சுது. நல்ல வேலைகாரன். கடைசியிலை கூலிக்குக் கறித்தூள் கேட்டுது."

"அப்ப என்ரை மிச்சக் கறித்தூள்?" என்றார் அக்கா.

"கரடி கொண்டு போட்டுது."

"பேணி?"

"பேணியோடைதான்."

அக்கா அகப்பையைப் பானை விளிம்பில் ஓங்கித் தட்டினார். மொன்றியல் பஸ் கராஜ் வாசலுக்கே வந்துவிட்டது போல இருந்தது. மணியண்ணைக்கும் அது கேட்டிருக்க வேண்டும். பெட்டியில் இன்னும் நன்றாக அமர்ந்து, குரலை உயர்த்தினார்.

"அப்பத்தான் வாளை கொழுவினது. இப்ப கேளுங்கோ. தலை இந்தக் கராஜிலை எண்டால் வால் மார்க்கம் ரோட்டுச் சந்தியிலை."

"ஏரியைவிட மீன் நீளமோ?" என்றார் எட்மண்ட் அண்ணர்.

"மடிஞ்சு கிடந்தது. இழுக்கத் தொடங்கிச்சுது பாருங்கோ, வள்ளத்தோடை என்னைச் சுத்துது, சுத்துது, சுத்துது. போகேக்கை அந்த ஏரி சதுரம். நான் வெளிக்கிடேக்கை வட்டம். மூலை எல்லாம் தேஞ்சு போச்சு. மூண்டு பகல் இழுபறி."

"வெள்ளிக்கிழமைதானே வெளிக்கிட்டனீங்கள்," என்றார் அக்கா. "இண்டைக்கு ஞாயிறு."

"வடக்கிலை பகல் நீளம். ஒரு நாளுக்குள்ளை மூண்டு பகல் வரும். கடைசியிலை கரடி வாலைப் பிடிக்க நான் தலையைப் பிடிச்சு, வாளையைத் தூக்கி வெளியிலை போட்டால் ஏரித் தண்ணி முழங்காலளவுக்கு இறங்கிட்டுது. பாவம், ஏரி. பிறகு நானும் கரடியும் வாளியாலை அள்ளி நிரப்பிப்போட்டுத்தான் வந்தனாங்கள்."

கேட்கிறவன் கேனையன் என்றால் எருமை மாடும் ஏரோப்பிளேன் ஓட்டும் என்பார்கள். நான் கேனையன்தான், ஆனால் பசித்த கேனையன். "மணியண்ணை, அவ்வளவு பெரிய மீன் இந்த மூண்டடிப் பெட்டிக்குள்ளை எப்பிடி வந்தது?"

"குளிர் நாட்டு மீன், தம்பி. தெற்கை வர வர வெக்கைக்குச் சுருங்கும். வாற வழியிலை சட்பரி ரவுணிலை பாத்தன், பாதி. பரியிலை பாத்தன், கால்வாசி. இன்னும் ரெண்டு கதை சொன்னனெண்டால் நெத்தலியாப் போயிடும்."

"அப்ப இப்பவே எழும்புங்கோ," என்றார் திலகா அக்கா.

தன் கதையே தன்னை எழுப்பும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. மெல்ல எழும்பினார். அக்கா அகப்பையை வைத்துவிட்டு வந்து மூடியைத் திறந்தார். உள்ளே, ஐசுக்கு நடுவில், மெய்யாகவே ஒரு மீன் கிடந்தது. நீளமாய், வாள் மாதிரி, வெள்ளி மினுங்க, வாலை ஒரு பக்கம் மடக்கிக்கொண்டு விறைத்துப்போய்க் கிடந்தது. மணியண்ணை அதை இரண்டு கையாலும் ஏந்தித் தூக்கினார். எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. அது வாளையேதான். சுன்னாகம் சந்தையில் நான் கண்ட அதே வாளை. மொன்றியல் பஸ் திரும்பிப் போய்விட்டது என்று நினைத்தேன்.

எட்மண்ட் அண்ணர் எழுந்து வந்தார். மீனின் செவுளை விரலால் ஒரு தடவு தடவி, விரலை நாக்கில் வைத்தார்.

"உப்பு," என்றார்.

விரலைத் துடைத்துக்கொண்டார்.

"தம்பி மாசிலாமணி, இது கடல் வாளை. எங்கடை கடல். ஏரியிலை பிறக்காது." பிறகு அன்றைய கணக்கையெல்லாம் மீறிப் பேசினார். "பிரையன் சொன்னது வாளை இல்லை. வோல்-ஐ. பளிங்குக் கண் மீன். மஞ்சளும் பச்சையுமா, கண் மினுங்குமெண்டு சொன்னியே, அது. இந்த நாட்டிலை அதைவிட ருசியான ஏரி மீன் இல்லை. முப்பது வருசம் நான் வெட்டினது அதைத்தான்."

மணியண்ணையின் கையில் இருந்த மீன் கொஞ்சம் தாழ்ந்தது.

"முன்னூறும் எறிஞ்சனீங்களோ?" என்று அக்கா கேட்டார்.

"மூண்டு," என்றார் மணியண்ணை மெல்ல. "ஒவ்வொண்டும் முழங்கை அளவு வரும்."

அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அதுதான். எனக்கு மனுசனைப் பார்க்கப் பாவமாகிவிட்டது. பதினொரு மணித்தியாலம் ஓடி, நுளம்புக்குக் கடியும் பட்டு, கைக்கு வந்த மீனை ஒரு சொல்லை நம்பி எறிந்துவிட்டு வந்து நிற்கிறார். வேறொருவன் என்றால் அந்த இடத்தில் தலையைக் குனிந்திருப்பான். மணியண்ணை மூச்சை ஒரு தரம் இழுத்து விட்டார். மீன் மறுபடியும் உயர்ந்தது.

"சரி, கடல் மீன்தான். ஆர் இல்லையெண்டது? எட்மண்ட் அண்ணை, நீங்கள் எங்கை பிறந்தனீங்கள்? உப்புத் தண்ணிக் கரையிலை. இப்ப எங்கை நிக்கிறியள்? பனிக்குள்ளை. உங்களுக்கு மட்டுந்தான் வழி தெரியுமோ? இதுவும் அகதியாத்தான் வந்தது. ஊரிலை குண்டு விழேக்கை வெளிக்கிட்டு, இந்து சமுத்திரம் தாண்டி, ஆபிரிக்காவைச் சுத்தி, கப்பலுக்கு அடியிலை ஒளிச்சு ஒளிச்சு, ஆறு ஏறி, ஆர் கண்ணிலும் படாமல் அந்த ஏரியிலை இருவத்தேழு வருசமா இருந்திருக்கு. ஒரு சனத்தோடை கதைக்க வழியில்லை. நான் வள்ளத்திலை இருந்து தமிழிலை நுளம்பைப் பேசினதைக் கேட்டுத்தான் ஓடி வந்து தூண்டிலைக் கவ்வினது. நான் பிடிக்கேல்லை அண்ணை. அதுதான் என்னைப் பிடிச்சது."

எட்மண்ட் அண்ணர் ஐந்து நாடு சுற்றி, ஒரு லொறிக்குள் ஒன்பது நாள் ஒளித்திருந்து வந்தவர் என்று எனக்குத் தெரியும். கையை நீட்டி மீனின் தலையை ஒரு தரம் தடவினார். புளுகு என்று தெரிந்தும் எனக்கு நம்ப மனம் வந்தது. மணியண்ணை வென்றுவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

திலகா அக்கா அவர் கையிலிருந்து மீனை வாங்கிக் குழாயடியில் பிடித்தார். பனி கரைய, வயிற்றுப் பக்கம் வெள்ளையாய் ஒரு துண்டுக் கடதாசி ஒட்டியிருப்பது தெரிந்தது. மீனைப் பையிலிருந்து கழற்றின அவசரத்தில் மனுசன் அதைக் கவனிக்கவில்லை. அக்கா அதை நகத்தால் மெல்ல உரித்து, நெற்றியில் கிடந்த கண்ணாடியை இறக்கி, எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"ஓம், அகதிதான். பேப்பரும் வைச்சிருக்கு. இண்டைக்குக் காலமை பத்தேகாலுக்குத்தான் வந்து இறங்கியிருக்கு."

மீனைப் பலகையில் போட்டுக் கத்தியை எடுத்தார்.

"இஞ்சருங்கோ, வாற வருசம் வடக்கை போய் மினக்கெட வேண்டாம். இந்தத் துண்டிலை போட்டிருக்கிற கடை மொன்றியலுக்குப் போற வழியிலைதான் கிடக்கு."