சூடு ஆறாத எரு

மலையடிவாரத்தில் சடையம்மா என்று ஒரு சாமியாரம்மா இருந்தாள். மடம் என்று பேர்தான். ஒரு கொட்டகை, ஒரு கத்தரிப் பாத்தி, நாலு கோழி. அவ்வளவுதான் சொத்து.

அவளிடம் வந்து சேர்ந்தவர் பொன்னுரங்கம். பஸ் கண்டக்டராக இருந்தவர், அம்மாவைவிட வயதில் மூத்தவர். ஒரே மகள் கோமளா காமாலையில் போய்ச் சேர்ந்த பிறகு அவருக்கு வீட்டில் இருப்பே கொள்ளவில்லை.

துக்கம் கேட்க வந்த யாரோ ஒருத்தர், "இந்தத் துக்கமெல்லாம் ஒருநாள் உரமாகும் ஐயா" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார். இவர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"உரமாகுமா தாயி?"

தினம் இதே கேள்விதான்.

"பாத்தியைப் பாருங்க ஐயா" என்பாள் அம்மா.

பார்த்தார். பாத்தியாவது செழிக்கட்டும் என்று கோழிக்கூண்டைச் சுரண்டி, ஈரம் காயாத எச்சத்தை அப்படியே நாற்றுக்கு அடியில் அள்ளி அள்ளி வைத்தார். வாரம் திரும்பவில்லை, இலையெல்லாம் கருகி நாற்று தலை தொங்கிப்போனது.

"நான் ஆசையா வளர்க்கிறது எதுவும் தங்காது போல" என்று பாத்தியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பச்சை எச்சத்தையா வச்சீங்க? அதோட சூடு கோழிக்கே தெரியுமே. இட்ட இடத்துல அது நிக்குதா பாருங்க."

அவர் சிரிக்கவில்லை. அம்மா அவரை எருக்குழிக்குக் கூட்டிப்போனாள்.

"கையை உள்ளே விடுங்க."

முழங்கைவரை விட்டவர் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். குழியிலிருந்து ஆவி வந்தது.

"கொதிக்குதே தாயி! இது எப்போ ஆறும்?"

"ஒரு மழைக்காலம் போகணும். சில குழிக்கு அதுவும் பத்தாது."

"ஆறினா?"

"மண்ணு மாதிரி ஆயிடும். நாத்தம் இருக்காது."

பொன்னுரங்கம் அவள் முகத்தையே பார்த்தார்.

"அப்போ என் துக்கமும் ஆறும். ஆறினா, அதுலேருந்து ஏதாவது முளைக்கும். அப்படித்தானே?"



"எரு முளைக்காது ஐயா. விதைதான் முளைக்கும்."

"எங்கிட்ட இருந்தது ஒரே விதை தாயி."

"தெரியும்."

"அப்புறம் ஆறித்தான் என்ன பிரயோசனம்?"

சடையம்மா குழியின் மேல் ஓலையை இழுத்து மூடினாள்.

"தொட்டா சுடாது, ஐயா."