நாலு பொருத்தம்

முன்னொரு காலத்துல பவழக்கோட்டைன்னு ஒரு நாடு. அதை கீர்த்திராயன்னு ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான், ஆனா காலையில போட்ட உத்தரவு மத்தியானச் சாப்பாடு வரைக்கும் தாங்காது.

அவருக்கு ஒரே மகள், மரகதம். வயசு இருபத்தி நாலு. விடிஞ்சா போதும், ராணியம்மா ஆரம்பிச்சுடுவாங்க. "என்னைப் பார்க்கிறவ எல்லாம் துக்கம் விசாரிக்கிற மாதிரி விசாரிக்கிறாடி! எவனையாவது பிடிச்சிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லேன்!"

மாப்பிள்ளைக்கா பஞ்சம்? நாற்பது ஜாதக ஓலை வந்து குவிஞ்சு கிடந்தது. அரண்மனை ஜோசியன் தேனப்பன், வயசு முப்பது, சரியான கூச்ச சுபாவி. தினம் ஒரு ஓலையை எடுத்து, இளவரசி ஜாதகத்தோட வச்சுப் பார்த்து, திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சொல்லுவான்.

"பத்துக்கு ஒன்பது பொருத்தம், இளவரசி. அருமையான ஜாதகம்."

"ஒன்பதுதானா? அந்த ஒண்ணு எங்கே போச்சு? வேண்டாம். அடுத்த ஓலையை எப்போ படிப்பீங்க?"

"நாளைக்கு."

"காலையிலேயே வந்துடுங்க."

மாப்பிள்ளையே வேண்டாங்கிற பொண்ணுக்கு அடுத்த ஜாதகத்துக்கு மட்டும் என்ன இத்தனை அவசரம்? அமைச்சர் மருதப்பர் ஒருத்தர்தான் இதைக் கவனிச்சார். கவனிச்சு மனசுல முடிஞ்சு வச்சுக்கிட்டார்.

படைக்குத் தலைவரான தளவாய் வாணாதிராயருக்கு மருதப்பரைக் கண்டாலே ஆகாது. போதாக்குறைக்கு, தளவாயோட மகன் ஜாதகத்தையும் தேனப்பன் பார்த்து, "மூணு பொருத்தம்"னு சொல்லிட்டான். சும்மா இருப்பாரா மனுஷர்? சபையில எழுந்து நின்னார்.

"மகாராஜா! அமைச்சர் கூட்டி வந்த இந்த ஜோசியன் பொய்யன். என் மகனுக்குப் பத்துக்குப் பத்து இருக்கு. இவன் வேணும்னே குறைச்சுச் சொல்லி இளவரசி கல்யாணத்தைக் கெடுக்கிறான்!"

ராஜாவுக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "அமைச்சரே, இவன் உண்மையானவன்னு நாளைக்குள்ள நிரூபிக்கணும். இல்லேன்னா இவனை நாட்டை விட்டே விரட்டிடுவேன். தளவாய் மகன்தான் மாப்பிள்ளை!"

திரைக்குப் பின்னால மரகதம் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா. தேனப்பன் இனிமே வரமாட்டானா? யார்கிட்ட போய்ச் சொல்லுவா, பாவம்!

மறுநாள் காலையில மருதப்பர் சொன்னார்: "மகாராஜா, யாரோட ஜாதகம்னு தெரியாம ஜோசியருங்க பார்த்துச் சொல்லட்டும், ஓலையில பேர் இருக்கக் கூடாது. தளவாய் தன் ஜோசியரையும் கூட்டி வரட்டும்."

"அதுக்கென்ன!"ன்னு தளவாய் தன் மகன் ஓலையைக் கொடுத்தார். அதோட ஓரத்துல சின்னதா ஒரு சிவப்பு நூல் கட்டியிருந்தது. மருதப்பர் கண்ணுக்கு அது தப்புமா? வாங்கிக்கிட்டு உள்ளே போனார்.

சபை கூடினதும் பேர் இல்லாத ரெண்டு ஓலையைத் தளவாயோட ஜோசியர் முன்னால வச்சாங்க. அவர் சிவப்பு நூல் இருந்ததை எடுத்தார், ஓலையைப் படிக்கவே இல்லை. "ஆஹா! பத்துக்குப் பத்து! இவரைக் கட்டிக்க இளவரசி கொடுத்து வச்சிருக்கணும்!"

தளவாய் மீசையைத் தடவினார்.

"மன்னிக்கணும் மகாராஜா," மருதப்பர் கை கூப்பினார். "நூலைக் காலையில நான்தான் அவிழ்த்து வேற ஓலையில கட்டினேன். இது நம்ம பட்டத்து யானை கொம்பனோட ஜாதகம். அரண்மனையில பிறந்த யானைக்கும் ஜாதகம் எழுதி வைக்கிறது நம்ம வழக்கமாச்சே."

அவ்வளவுதான்! சபையே குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சது. ராஜாவுக்குக் கிரீடமே சரிஞ்சு போச்சு. "வாணாதிராயரே, இன்னிலேருந்து ஒரு வருஷம் கொம்பனுக்குக் கரும்பு ஊட்டுறது உம்ம வேலை!" அப்புறம் சட்டுன்னு முகத்தைச் சுளிச்சார். "ஆனா அமைச்சரே, இவரோட ஜோசியர் பொய்யர்னா, உம்ம ஜோசியன் உண்மையானவன்னு ஆயிடுமா?"

"ஆகாது மகாராஜா. இதைத் தேனப்பன் படிக்கட்டும்." மருதப்பர் இன்னொரு ஓலையை நீட்டினார்.

தேனப்பன் வாங்கிப் பார்த்தான். பார்த்ததும் ஒரு தடவை திரைப் பக்கம் திரும்பினான்.

"நாலு பொருத்தம்தான்"னான்.

திரைக்குப் பின்னாலேருந்து மரகதம் கேட்டா: "இன்னொரு தடவை பாருங்களேன்."

"பார்த்தாச்சு இளவரசி. ஒரு வருஷமா தினமும் பார்க்கிறேன். நாலுதான்."

சபையில யாருக்கும் ஒண்ணும் புரியலை. மருதப்பர் மெதுவாச் சொன்னார்: "மகாராஜா, அரண்மனை வேலைக்கு வர்றவங்க எல்லாரும் ஜாதகம் கொடுக்கிறாங்களே, அதுலேருந்து எடுத்தேன். இது தேனப்பனோட சொந்த ஜாதகம். பத்துன்னு சொல்லியிருந்தா யாருக்குத் தெரியும்? ஆசைப்பட்ட இளவரசி கிடைக்காமப் போனாலும் பரவாயில்லைன்னு நாலுன்னு சொல்றார். இவரா பொய்யர்?"

ராஜா எழுந்தே வந்துட்டார். தன் தோள்ல கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினார். ஆனா தேனப்பனைப் பார்த்ததும் மனசு இடறிச்சு. "நாலு பொருத்தத்தை வச்சுக்கிட்டு எப்படிப் பொண்ணைக் கொடுக்கிறது..."

"ஏன், நமக்கு எத்தனைன்னு உங்களுக்குத் தெரியுமா?" ராணியம்மா குறுக்கே புகுந்தாங்க.

ராஜா தலையைச் சொறிஞ்சார். "எப்படித் தெரியும்? உங்கப்பா பார்க்கிறதுக்கு முன்னால என் ஓலையை நான்தான் கிணத்துல போட்டுட்டேனே. கம்மியா வந்து, உன்னைத் தரமாட்டேன்னுட்டா?"

ராணியம்மாவுக்கு முகமெல்லாம் சிவந்து போச்சு. முப்பது வருஷத்துல இதை இன்னிக்குத்தான் கேட்கிறாங்க.

ராஜா திரைப் பக்கம் திரும்பினார். குரல் இளகிப் போயிருந்தது. "ஒன்பதையே வேண்டாம்னவ நீ. நாலு போதுமாம்மா?"

மரகதம் திரையை விலக்கிட்டு வெளியே வந்தா. தேனப்பன் பக்கத்துல போய் நின்னா.

"போதும்பா. மீதி ஆறை நாங்க ரெண்டு பேரும் பார்த்துக்கறோம்."

அந்தத் தை மாசமே கல்யாணம். அவங்க நல்லா வாழ்ந்தாங்க, கதை கேட்ட நீங்களும் மனசுக்குப் பிடிச்சவங்களோட நல்லா இருங்க.