கரடித் தலைவரும் காணாமல் போன ஓடையும்

வெள்ளோடைக் காட்டுக்குத் தலைவர் கருந்தோளன் என்ற கரடி. அவரைத் தேர்ந்தெடுத்த காரணம் எளிது. அவருக்கு மரம் ஏறவும் தெரியும், தரையில் நடக்கவும் தெரியும். அதனால் மரத்தில் வாழ்கிறவர்கள் அவரைத் தங்கள் ஆள் என்றார்கள். தரையில் வாழ்கிறவர்களும் அப்படியே சொல்லிக்கொண்டார்கள்.

அந்தக் காட்டில் இரண்டு சபைகள் இருந்தன. பறவைகளும் மந்திகளும் அணில்களும் கூடுவது மரச்சபை. அதை நடத்துவது இருவாச்சிப் பறவை. மான்களும் முயல்களும் முள்ளம்பன்றிகளும் கூடுவது தரைச்சபை. அதை நடத்துவது கடமான். இரண்டு சபையும் ஒப்புக்கொண்டால்தான் எந்தத் தீர்மானமும் செல்லும்.

ஆனால் இரண்டும் எதில் ஒப்புக்கொண்டன? மழை பெய்தால் நனையும் என்பதில்கூட இல்லை.

கருந்தோளன் தலைவரானதும், குஞ்சுகளையும் குட்டிகளையும் விழுங்க வந்த ஒரு மலைப்பாம்பை மரத்திலிருந்து இழுத்து எறிந்தார். அன்று முதல் மரச்சபைக்கு அவர் தெய்வம். பிறகு ஓடையின் மேற்புறத்துக்கு யாரும் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார். செந்நாய்கள் வருகின்றன, சுவர் எழுப்புகிறேன், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்றார். நல்ல புல் விளைவது அந்த மேற்புறத்தில்தான். அன்று முதல் தரைச்சபைக்கு அவர் எதிரி. செந்நாயும் இல்லை, நரியும் இல்லை, எல்லாம் பொய் என்றார்கள்.

தலைவரை நீக்க வேண்டும் என்று தரைச்சபை தீர்மானம் போடும். மரச்சபை அதைத் தூக்கி எறியும். தலைவரைப் பாராட்ட வேண்டும் என்று மரச்சபை தீர்மானம் போடும். தரைச்சபை அதைக் காலால் தள்ளும். கருந்தோளன் இதையெல்லாம் கேட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டு சிரிப்பார்.

இதில் எனக்கு ஓர் ஆச்சரியம் உண்டு. பறவைகளுக்கு இறக்கை இருந்தது, ஒருவராவது மேலே பறந்து போய்ப் பார்க்கவில்லை. பிடித்தவரைச் சந்தேகப்பட யாருக்கு மனம் வரும்? மான்களுக்குக் கால் இருந்தது, அவையும் போகவில்லை. அவர் தப்புதான் செய்வார் என்று ஏற்கெனவே தெரியும்போது போய்வேறு பார்ப்பானேன்?

கோடை வந்தது. காட்டின் நடுவில் ஊற்றுக்குளம் ஒன்று இருந்ததால் யாருக்கும் தாகம் தெரியவில்லை. ஓடையை மட்டுமே நம்பியிருந்தது கீழ்மடு. அங்கே சுழியாள் என்ற நீர்நாய் குட்டி போட்டிருந்தாள். குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. மடுவில் தண்ணீர் நாளுக்கு நாள் இறங்கியது. மீன்கள் சேற்றில் துடித்தன. மேலே பருந்து வட்டமிடத் தொடங்கியது. தண்ணீர் வற்றிவிட்டால் குட்டிகளுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை.

நீர்நாய் மரத்திலும் வாழ்வதில்லை, தரையிலும் வாழ்வதில்லை. ஆகவே அவளுக்கு இரண்டு சபையிலும் இடமில்லை. இருந்தாலும் முறையிடப் போனாள்.

தரைச்சபை அவளைக் கண்டதும் குதூகலித்தது. பார்த்தீர்களா தலைவரின் அக்கிரமத்தை என்று பேசிப் பேசி, மறுபடியும் நீக்கத் தீர்மானம் போட்டது. மரச்சபை வழக்கம்போல் அதை எறிந்தது. சுழியாள் மரச்சபைக்குப் போனாள். கோடையில் ஓடை வற்றத்தான் செய்யும், தரைக்காரர்கள் உன்னைத் தூண்டிவிட்டு அனுப்பினார்களா என்று கேட்டார்கள்.

சுழியாளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"தலைவர் நல்லவரா கெட்டவரான்னு நான் கேக்கலைங்க," என்றாள். "என் மடுவுக்கு வர வேண்டிய தண்ணி எங்க போகுது? அதை மட்டும் யாராவது சொல்லுங்க."

இது வரைக்கும் இந்தக் கேள்வியை யாருமே கேட்டதில்லை. கிளையில் உட்கார்ந்திருந்த நெடுவாலன் என்ற மந்தி தலையைச் சொறிந்தான். தலைவருக்கு அவனைவிடப் பெரிய ஆதரவாளன் காட்டிலேயே கிடையாது. மலைப்பாம்பின் பிடியிலிருந்து தலைவர் மீட்டது அவனுடைய தம்பியைத்தான். ஆனால் மந்திக்கு ஒன்று தெரியவில்லை என்றால் உட்கார முடியாது.

"அட, ஆமா, எங்கதான் போகுது?" என்றான். "நான் போய்ப் பாத்துட்டு வரேன். தலைவர் மேல தப்பில்லைன்னு காட்டிட்டாப் போச்சு."

செய்தி தரைச்சபைக்குப் போனது. அவன் போய்ப் பார்த்துவிட்டுப் பொய் சொல்வான், எங்கள் ஆளும் கூடப் போக வேண்டும் என்றார்கள். கூர்முள்ளி என்ற முள்ளம்பன்றியை அனுப்பினார்கள். தலைவரைத் திட்டுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

கருந்தோளன் சீறினார். மேலே ஆபத்து, யாரும் போகக்கூடாது என்றார். ஆபத்து இருந்தால் அதையும் பார்த்துவிட்டு வரட்டும் என்று கடமான் சொன்னது. இருவாச்சியும் அதையேதான் சொன்னது. இரண்டு சபையும் ஒரே பதிலைச் சொல்லித் தலைவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

இருவரும் ஓடையோரமாக ஏறினார்கள். நெடுவாலன் கிளைவழியே போனான், கூர்முள்ளி கீழே நடந்தாள். ஒருவரையொருவர் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தார்கள். பேச்சே இல்லை.

ஓடை இறங்கும் பாறை இடுக்கில் குறுக்கே சுவர் நின்றது. பெரிய பெரிய பாறைகளை உருட்டி அடுக்கியிருந்தார் கரடி. சுவரோரம் அந்தப் பக்கத்துக்குத் திறந்த ஒரு குறுகிய பாறைச் சந்தில் ஈரமண்ணைப் பார்த்த கூர்முள்ளி சட்டென்று நின்று, காலால் எதையோ மூடினாள்.

"காலை எடுங்க, முள்ளியம்மா," என்றான் நெடுவாலன் மேலிருந்து.

"என் காலு, என் இஷ்டம்."

"கால் உங்களுதுதான். அடியில என்னன்னு பாக்கணும்."

வேறு வழியில்லாமல் காலை எடுத்தாள். செந்நாய்களின் கால்தடம். ஒன்றிரண்டு அல்ல, ஒரு கூட்டமே மேலிருந்து வந்து, சுவரோரமாக வழி தேடி, சந்தில் நுழையப் பார்த்து, முடியாமல் திரும்பியிருந்தது. முயல்களின் வளைகள் இருப்பது சுவருக்கு இந்தப் பக்கம். கூர்முள்ளி காலைத் தள்ளி வைத்துக்கொண்டாள். இதை மூடி மறைத்திருந்தால் சொந்தக்காரர்களுக்கே தீங்கு செய்திருப்பாள்.

நெடுவாலனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தலைவர் சொன்னது உண்மை என்று கூவிக்கொண்டே உச்சிக்கிளைக்கு ஏறினான். ஏறியவன் அப்படியே அடங்கிப்போனான்.

"சரி, பாத்தாச்சு. இருட்டறதுக்குள்ள போயிடலாம்," என்றான்.

"உச்சி வெயில்ல என்னய்யா இருட்டு? அங்க என்னத்தைப் பாத்தீங்க?"

"ஒண்ணுமில்லை. இலைதான்."

கூர்முள்ளி விடவில்லை. அந்தச் சந்துக்குள் முள்ளை மடக்கிக்கொண்டு நுழைந்து அந்தப் பக்கம் போனாள். சுவருக்குப் பின்னால் ஓடை நிறையத் தண்ணீர் நின்றது. அதன் பக்கவாட்டில் புதிதாக வெட்டிய வாய்க்கால் ஒன்று தலைவரின் குகைக்குப் போனது. குகைவாசலில் ஒரு தொட்டி. முதுகு சாய்த்துக்கொள்ள வசதியாக ஒரு வழுவழுப்பான கல். தொட்டி நிரம்பி வழிந்த தண்ணீர் பாறைப் பிளவில் விழுந்து, யாருக்கும் உதவாமல் மண்ணுக்குள் போனது.

கூர்முள்ளி துள்ளிக் குதித்திருக்க வேண்டும். ஆனால் கிளையில் நெடுவாலன் அழுதுகொண்டிருந்தான். அவளுக்குத் துள்ள மனம் வரவில்லை.

திரும்பும் வழியில் பேச்சு வந்தது. வாய்க்காலைப் பற்றி அவள் சொன்னால் மரச்சபை நம்பாது. செந்நாய்களைப் பற்றி அவன் சொன்னால் தரைச்சபை நம்பாது. இருவருக்கும் இது தெரியும்.

"அப்ப ஒண்ணு செய்வோம்," என்றான் நெடுவாலன். "உங்களுக்குக் கசக்குறதை நீங்க சொல்லுங்க. எனக்குக் கசக்குறதை நான் சொல்றேன்."

ஊற்றுக்குளத்தங்கரையில் இரண்டு சபையும் ஒன்றாகக் கூடின. மரக்கிளைகளில் மரச்சபை, கரையில் தரைச்சபை, நடுவில் தலைவர்.

செந்நாய்கள் வந்தது உண்மை, சுவர் நம்மைக் காப்பாற்றியிருக்கிறது என்றாள் கூர்முள்ளி. தரைச்சபையில் முணுமுணுப்பு எழுந்தது. தண்ணீர் தலைவரின் குகைக்குப் போகிறது, மிச்சம் வீணாகிறது என்றான் நெடுவாலன். மரச்சபையில் ஓர் இலைகூட அசையவில்லை. இந்த இரண்டு பேர் ஒன்றாகப் பொய் சொல்வார்கள் என்று யாராலும் நினைக்க முடியவில்லை.

கருந்தோளன் மரங்களைப் பார்த்து நிமிர்ந்தார்.

"பாம்பை இழுத்துப் போட்டது யாரு? இந்த வெயில்ல முதுகு எரியுது, கொஞ்சம் தண்ணியில உக்காந்தேன். அது குத்தமா? தரைக்காரங்க பேச்சைக் கேட்டு என்னை விட்டுடுவீங்களா?"

"அவங்க பேச்சைக் கேட்டு இல்லைங்க, தலைவரே," என்றான் நெடுவாலன். "என் கண்ணால பாத்தேன்."

கரடி கரைப்பக்கம் திரும்பினார். "சரி, சுவரை இடிச்சிடறேன். செந்நாய் வந்தா என்னைக் கேக்காதீங்க."

"சுவர் இருக்கட்டும்," என்றாள் கூர்முள்ளி. "அடியில தண்ணி போக வழி விடுங்க. வாய்க்காலை மூடுங்க."

முடியாது என்று சொல்லிவிட்டுக் கரடி எழுந்து போய்விட்டார்.

இங்கே தலைவர் பங்கு என்ற வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கோடையில் இலுப்பை பூக்கும். கரடிக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். ஆனால் பூ இருப்பது நுனிக்கிளையில், அது அவர் எடையைத் தாங்காது. மரத்தார் உலுக்கிப் போடுவார்கள், தரையார் அதைத் தின்னாமல் தலைவருக்கு ஒதுக்கி வைப்பார்கள். முன்பு ஒருமுறை கோபத்தில் தரைச்சபை ஒதுக்க மறுத்தது. மரச்சபை பூவை நேராகக் குகைவாசலிலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. ஒரு பக்கம் மறுத்தால் மறுபக்கம் கொடுக்கும் என்று கரடிக்கு நன்றாகத் தெரியும்.

இந்த முறை இரண்டும் மறுத்தன. கீழ்மடுவுக்குத் தண்ணீர் வரும்வரை உலுக்கவும் மாட்டோம், ஒதுக்கவும் மாட்டோம் என்று முடிவானது.

காலையில் கருந்தோளன் இலுப்பைத் தோப்புக்கு வந்தார். தரை துடைத்த மாதிரி இருந்தது. தானே ஏறினார். கிளை முறிந்தது. முதுகில் புழுதியோடு எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள். அந்தப் பக்கத்து ஆதரவாளர்களும் பார்த்தார்கள், இந்தப் பக்கத்து எதிரிகளும் பார்த்தார்கள், ஒருவரும் ஒரு பூவைக்கூட எடுத்துத் தரவில்லை.

அந்த நேரத்தில் கீழ்மடுவில் வெறும் சேறுதான் மிச்சம். சுழியாள் குட்டிகளைத் தன் வயிற்றுக்கடியில் வைத்து மூடிப் படுத்திருந்தாள். பருந்து தாழ வந்தது. அவள் பல்லைக் காட்டிச் சீறினாள். அது போவதும் வருவதுமாக இருந்தது.

பசி பொறுக்காமல் கரடி மேலே போனார். சுவரின் அடிப்பாறையைப் பிடித்துத் தள்ளினார். காட்டில் வேறு யாராலும் அசைக்க முடியாத பாறை அது. மண்ணைத் தள்ளி வாய்க்காலை அடைத்தார். செந்நாய் நுழைய முடியாத சின்னச் சந்து வழியாகத் தண்ணீர் பீறிட்டு வந்தது. நெடுவாலனும் கூர்முள்ளியும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்களுக்குக் கசந்ததைச் சொன்னதற்காக அவரவர் சபையே அவர்களைத் துரோகி என்று ஏசியிருந்தது, அதைப் பற்றி அவர்களுக்குள் ஒரு வருத்தம் இருந்தது. ஆனாலும் வந்திருந்தார்கள்.

தண்ணீர் காய்ந்த ஓடையில் சுருண்டு சுருண்டு இறங்கியது. அது எங்கேதான் போகிறது என்று பார்க்கக் கரடிக்கே ஆசை வந்தது. கூடவே நடந்தார்.

கீழ்மடுவில் தண்ணீர் முதலில் சுழியாளின் காலைத் தொட்டது. அவள் எழுந்தாள். அவளுக்கடியில் சேறு பூசிய குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்தன. மூச்சு இருந்தது. தண்ணீர் பட்டதும் கத்தத் தொடங்கின. பருந்து இருந்த வானத்தைக் கரடி ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். மறுபடியும் குட்டிகளைப் பார்த்தார்.

"இதுங்க இங்க இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே," என்றார். குரல் இறங்கிவிட்டது.

"மேல போகக்கூடாதுன்னு சொன்னீங்க, யாரும் போகலை," என்றாள் சுழியாள். "கீழ வரக்கூடாதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க, தலைவரே?"

கருந்தோளன் தண்ணீருக்குள் இறங்கி, ஆழமான இடத்தில் கிடந்த முறிந்த கட்டையை இழுத்துக் கரையில் போட்டார். குட்டிகள் கண் திறந்ததும் நீந்த இடம் தயாரானது.

தலைவரை நீக்க வேண்டும் என்று தரைச்சபை மறுபடியும் தீர்மானம் போட்டது. மரச்சபை மறுபடியும் எறிந்தது. அதில் எந்த மாற்றமும் இல்லை. ஆனால் அதன் பிறகு ஓடைப்பக்கம் ஒரு கல்லை நகர்த்துவதென்றாலும், இரண்டு சபையிலிருந்தும் ஆளுக்கொருவர் வந்து பார்க்கும்வரை கரடி காத்திருந்தார்.

ஒரு தலைவரைப் பற்றி ஒத்துப்போக முடியாதவர்களும் அவரிடம் கேட்க வேண்டிய கேள்வியில் ஒத்துப்போய்விட்டால், எவ்வளவு பெரிய தலைவரும் பதில் சொல்லியே ஆக வேண்டும்.